சத்தம் புகாத அறை

அபிநந்தன் வீட்டில் சினிமா மாலை ஆறரைக்கே தொடங்கிவிடும். ஜைனக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். மற்ற வீடுகளில் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் இங்கே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். செஞ்சி கடைவீதியில் உரக்கடை வைத்திருந்த அபிநந்தன், ஐந்து மணிக்குக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து சாப்பிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ரிமோட்டைத் தேடுவான். குழந்தைக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுத்து ஆறே காலுக்குத் தூங்க வைத்துவிடுவார்கள். அப்புறம் அவனும் அவனுடைய ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளும்தான். குழந்தை முழித்துக்கொள்ளாத வரைக்கும்.

ஆனால் முழித்துக்கொள்ளும். தினமும் இல்லை. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள்.

அதை முழிக்க வைத்தவள் அவனுடைய அக்கா தர்மவதி.

நாற்பத்து மூன்று வயது. வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லாமல், புருஷனும் போய்ச் சேர்ந்த பிறகு, கொழுந்தனார்கள் வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவள். அபிநந்தனின் மனைவி அனந்திக்கு அம்மா இல்லாததால் பிரசவத்துக்குத் துணையாகக் கூப்பிட்டார்கள். "பத்து நாள் இருந்துட்டுப் போங்க அண்ணி" என்றுதான் அனந்தி சொன்னாள். அந்தப் பத்து நாள் பதினோரு மாதமாக நீண்டதற்குக் காரணம் ஒரு கைத்துண்டு.

முதல் தடவை குழந்தை தானாகத்தான் முழித்தது. அப்போது அதற்கு இரண்டு மாதம். கூடத்தில் ஓடிய படத்தில் ஏதோ கட்டடம் இடிந்தது. அறைக்குள் குழந்தை வீறிட்டது. அனந்தி எவ்வளவு ஆட்டியும் அடங்கவில்லை. தர்மவதி வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், எதிரே கோட்டை மலை இருட்டில் கரைகிற வரைக்கும் நடந்தாள். குழந்தை அடங்கியது. கீழே படமும் நிம்மதியாக ஓடி முடிந்தது. "அண்ணி இல்லன்னா இன்னிக்கு அவ்ளோதான்" என்று அனந்தி அன்றைக்குச் சொன்ன ஒரு வாக்கியம், அந்த வீட்டில் தர்மவதி காதில் விழுந்த முதல் நல்ல வார்த்தை.

அதற்கப்புறம் குழந்தை முழிக்கவே இல்லை. இடி இடித்தாலும் தூங்கியது. எதிர்க் கல்யாண மண்டபத்தில் தவில் பொளந்து கட்டியபோதும் தூங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம் போயிற்று. படம் ஓடும்போது தர்மவதி சமையலறையில் சும்மா உட்கார்ந்திருக்க, அனந்தி திரும்பிப் பார்த்து, "வந்தவாசிக்கு எப்ப கெளம்பறீங்க அண்ணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். மறுநாள் மாலை தர்மவதி ஒரு கைத்துண்டை டம்ளர் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தூங்குகிற குழந்தையின் உள்ளங்காலில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். குழந்தை காலை இழுத்துக்கொண்டது. மறுபடி வைத்தாள். அது அழுதது. அள்ளி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடி, "சத்தத்துல பதறிப் போச்சு, நீங்க பாருங்க, நான் மாடிக்குத் தூக்கிட்டுப் போறன்" என்றாள்.

அழ வைத்தது தானே என்றாலும், தன் தோளில் அது விசும்பி விசும்பி அடங்குகிறபோது ஏற்பட்ட சுகம் பொய்யில்லை. அதுதான் அவளைக் கெடுத்தது.

அபிநந்தன் சும்மா இருக்கவில்லை. படங்களைப் பார்ப்பதைவிடக் கேட்பதற்காகவே வாங்குகிறவன் அவன். முதலில் ஆளுக்கொரு ஹெட்போன் வாங்கிப் பார்த்தான். மூன்றே நாள். காதில் எல்லாம் கேட்கிறது, நெஞ்சில் ஒன்றும் அடிக்கவில்லை, கேரியர் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான். பிறகு பேச்சை ஏற்றி வெடிச்சத்தத்தை இறக்கிவைக்கிற ஏதோ ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தான். அதுவும் நான்கு நாள் பலித்தது. ஐந்தாம் நாள் குழந்தை அழுதது. பெரிய பெட்டிக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டான். கூடத்தில் கனத்த திரைச்சீலை தொங்கவிட்டான். ஒவ்வொரு முயற்சிக்கும் தர்மவதி இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுப்பாள். உடனே அழ வைத்தால் சந்தேகம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பதினோரு மாதத்தில் அவள் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு தரம் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "பாப்பா எழுந்துக்கப் போவுது அண்ணி" என்றாள் அனந்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. வீட்டுக்கு வருகிறவர்களிடம், அண்ணிக்கு சினிமாவே பிடிக்காது என்று சொல்லி வைத்தாள். தர்மவதி மறுக்கவில்லை. அவளுக்குப் படம் வேண்டாம். போகச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஏனென்றால், வந்தவாசி கதவு எப்போதோ மூடிவிட்டது. இனிப் போவதானால் தொண்டூர்தான். அங்கே அவர்களுடைய சித்தப்பா வாசுபூஜ்யன் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். விழாத பக்கத்துக் கையால் தட்டை எறிவார். வாய் மட்டும் முழுசாக வேலை செய்தது. பார்த்துக்கொள்ள வருகிற பெண்களின் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவார். சம்பளத்துக்கு வந்த இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். பெங்களூரில் இருந்த அவருடைய மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்து, அக்காவை அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்பான். அந்தத் தொண்டூர் வீட்டில் அவள் ஒருமுறை இரண்டு நாள் இருந்தபோது, தாலியறுத்தவள் கையால் கஞ்சியா என்று அவர் அவள் முகத்திலேயே கேட்டிருக்கிறார். போனால் தான் சாகிற வரைக்கும் அவரோடு, அல்லது அவர் சாகிற வரைக்கும். எது முந்தும் என்று சொல்ல முடியாது. அவருடைய நெஞ்சு இரும்பு மாதிரி இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார்.

"அண்ணி போய்ட்டா பாப்பாவ யாரு பாத்துக்கறது?" என்று அனந்தி ஒவ்வொரு ஞாயிறும் போனில் சொல்வாள். சமையலறையில் அதைக் கேட்ட பிறகுதான் தர்மவதிக்கு மூச்சு வரும்.

திண்டிவனம் சாலையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த வீராசாமி வந்துதான் எல்லாவற்றையும் மாற்றினான். கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிறவன். அபிநந்தனின் ஆம்ப்ளிஃபையரும் அவன் கையால் கட்டிக் கொடுத்ததுதான். வீட்டைச் சுற்றி வந்தான், சுவரில் காது வைத்தான், தரையில் உள்ளங்கையை வைத்தான்.

"சார், இந்த டம்மு டம்முனு அடிக்குதே, அது காத்துல போறதவிட தரையிலயும் செவுத்துலயும்தான் ஜாஸ்தி போவுது. நீங்க பெட்டிய அடக்கப் பாக்கறீங்க. பெட்டி அடங்குமா? பாப்பா ரூம அடைச்சிடுங்க."

குழந்தையின் அறைக்குக் கனமான கதவு, சுற்றிலும் இடைவெளி தெரியாமல் ரப்பர் பட்டை, சுவரில் கண்ணாடிப் பஞ்சு அடைத்த பலகை, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. பத்து நாள் வேலை என்றான். அபிநந்தன் அன்றைக்கே தச்சர் ஒருவரை வரவழைத்து அளவு எடுக்கச் சொன்னான்.

அன்று சாப்பிடும்போது அனந்தி தன் புருஷனிடம் சொன்னாள், பரிமாறிக்கொண்டிருந்த தர்மவதி அங்கே இல்லாத மாதிரி: "ரூம் ரெடியாய்ட்டா பெங்களூர் அண்ணனுக்குச் சொல்லிடலாம். அதுக்கப்பறம் அண்ணிக்கு இங்க இன்னா வேலை?"

அபிநந்தன் குழம்பு கேட்டான். தர்மவதி ஊற்றினாள்.

பத்து நாளும் வேலைக்காரர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். பலகையைத் தூக்கிப் பிடித்தாள். ரப்பர் பட்டையை நீட்டிப் பிடித்தாள். கதவு மாட்டிய மறுநாள் அனந்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, அடிப்பட்டையை ஒரு முழத்துக்கு நகத்தால் பிய்த்து விட்டாள். பசை சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வீராசாமி அதை மறுபடி ஒட்டி, சின்னச் சின்ன ஆணியும் அடித்துவிட்டான்.

சோதனை ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. கார்த்திகை மாதம். காலையிலிருந்து தூறல். குழந்தை கூழ் குடித்து ஆறே காலுக்கெல்லாம் தூங்கிவிட்டது. ஏற்பாடு எளிமையானது. தர்மவதி குழந்தையோடு உள்ளே இருக்க வேண்டும். ஆறரைக்கு வீராசாமி தன் பென் டிரைவில் வைத்திருக்கும் சத்தங்களை முழு வால்யூமில் போடுவான். கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்து கேட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும். நடுவில் குழந்தை முழித்தால் அப்போதே வந்துவிடலாம்.

கதவு மூடியது. அவ்வளவுதான், உலகம் நின்றுபோனது. தூறல் சத்தம் இல்லை. கூடத்துப் பேச்சு இல்லை. தலைக்கு மேலே விசிறி மெதுவாகச் சுற்றுகிற முனகல், குழந்தையின் மூச்சு, இரண்டைத் தவிர ஒன்றும் இல்லை. தர்மவதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு முப்பத்திரண்டு. கதவில் காதை ஒட்டிவைத்தாள். ஆறு நாற்பது. தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், வீராசாமி வைத்த மாதிரி. தரை குளிர்ந்து கிடந்தது.

பாவி, நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று நினைத்தாள்.

கேட்கவில்லை என்று சொன்னால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து போன் வரும். அவள் புடவை மடிப்பிலிருந்து கைத்துண்டை எடுத்தாள். குழந்தைக்கு வைத்திருந்த வெந்நீர் ஆறிச் சில்லென்று இருந்தது. நனைத்தாள். பிழியக்கூட நேரமில்லை. ஒரு காலில் வைத்தாள், இன்னொரு காலில் வைத்தாள். குழந்தை சிணுங்கிப் புரண்டு படுத்தது. இழுத்துத் திருப்பி, இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் துண்டால் சுற்றிப் பிடித்தாள். அது வீறிட்டது.

கதவைத் திறந்துகொண்டு, குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே வந்தாள். கூடத்தில் மூன்று பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. குழந்தை அழுதால் அவர்கள் படத்தை நிறுத்துவது வழக்கம் என்பதால், அந்த அமைதி அவளுக்குப் புதிதாகப் படவில்லை. திரை கறுத்துக் கிடந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

"கேட்டுதா அண்ணி?" என்றாள் அனந்தி. குரல் அவ்வளவு பதமாக இருந்தது.

"கேக்காம இன்னா. நல்லாவே கேட்டுது. பாரு, எப்பிடி நடுங்குது கொழந்த."

வீராசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அனந்தி கையை லேசாக உயர்த்தி அவனை அடக்கினாள்.

"எப்பிடிக் கேட்டுது? பேச்சா, இல்ல டம்முனா?"

"டம்முனுதான். ஏதோ இடிஞ்சு விழறாப்புல."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி. மூணாவதுலதான் பாப்பா தூக்கிவாரிப் போட்டு எழுந்துச்சு."

"அப்ப மொதல் ரெண்டும் சின்னது?"

"சின்னதுதான். ஆனா கட்டிலே அதிர்ந்துச்சு அனந்தி. நான் கைய வச்சுப் பாத்தேன்."

"அக்கா, போதும்" என்றான் அபிநந்தன்.

"இருங்க. அண்ணி சொல்லட்டும். எத மாத்தணும்னு வீராசாமிக்குத் தெரிய வேணாவா?" அனந்தி முன்னால் சரிந்து உட்கார்ந்தாள். "பாட்டு ஏதாவது கேட்டுதா அண்ணி?"

தர்மவதி ஒரு கணம் தயங்கினாள். தயங்கியது தப்பு என்று தோன்றி, அவசரமாகச் சொன்னாள். "கேட்டுது. லேசா. பொம்பள கொரலு."

அப்போது அனந்தி சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. வீராசாமி தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அபிநந்தன்தான் சொன்னான், அக்காவைப் பார்க்காமல், கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்து.

"கரண்ட் போயி கால் மணி நேரம் ஆவுதுக்கா. நாங்க இன்னும் ஒண்ணுமே போடல."

விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து பெட்டியும் சேர்ந்தால் இன்வெர்ட்டர் தாங்காது என்று டி.வி.க்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் தனி லைன் இழுத்திருந்தது. குழந்தையின் அறை விசிறி ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, அதை இன்வெர்ட்டரில் போடு என்று தம்பியிடம் நச்சரித்து வாங்கியவளே தர்மவதிதான்.

"நான் வந்து கதவத் தட்டறன்னுதான் எழுந்தங்க" என்றான் வீராசாமி, யாரும் கேட்காமலே. "மேடம்தான் இருங்க, அவங்களே வரட்டும்னாங்க."

தர்மவதி வாயைத் திறந்தாள். மழைச் சத்தமாக இருந்திருக்கும் என்று சொல்லலாமா, இடி இடித்தது என்று சொல்லலாமா என்று பார்த்தாள். மூன்று வாட்டி, கட்டில், பொம்பளைக் குரல் எல்லாம் அவள் முன்னாலேயே வரிசையாக நின்றன. எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"குடுங்க பாப்பாவ" என்று அனந்தி எழுந்து வந்து குழந்தையை வாங்கினாள். வாங்கியவள் நின்றாள். குழந்தையின் காலைத் தொட்டாள். இன்னொரு காலையும் தொட்டாள். பிறகு தன் விரலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கால் ஏன் ஈரமா இருக்குது?"

"வேர்த்திருக்கும்மா. ரூம அடைச்சுட்டீங்க இல்ல."

"மழக் குளுருல உள்ளங்காலு மட்டும் வேர்க்குதா அண்ணி?"

இப்போது அவள் சிரிக்கவில்லை. நேராக அறைக்குள் போனாள். வரும்போது கையில் கைத்துண்டு. சொட்டிக்கொண்டிருந்தது. அதை அபிநந்தன் மடியில் போட்டாள்.

"போன மாசம் பாப்பாவுக்கு நெஞ்சு சளி கட்டி, மூணு நாள் திண்டிவனத்துல பெட்ல கெடந்துதே. அண்ணி ராப்பகலா கூட ஒக்காந்து பாத்துக்கிட்டாங்கன்னு நர்ஸுங்கல்லாம் மெச்சிக்கிட்டாங்களே." நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "அந்த வாரம் எத்தினி நாள் அண்ணி?"

நான்கு நாள். தர்மவதிக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் அவளுக்கும் பத்து வயது வித்தியாசம். நைனா கடையே கதி என்று கிடந்த காலத்தில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பி அனுப்பியவள் அவள். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி, அவன் ஒரு வார்த்தை பேசட்டும் என்று காத்திருந்தாள். அவன் மடியிலிருந்த துண்டை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் போட்டான். வேட்டி நனைந்திருக்கிறதா என்று பார்த்தான்.

அனந்தி தொண்டூர்ச் சித்தப்பாவின் மகனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"அண்ணா, நல்ல சேதி. அண்ணி நாளைக்கே வர்றாங்க. ஆமா, காலையில. இல்ல இல்ல, இனிமே அங்கயேதான். பொறுமையா பாத்துக்குவாங்க, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. பாப்பாவயே அப்பிடிப் பாத்துக்கிட்டாங்க." கண் தர்மவதி மேலேயே இருந்தது. "ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வீட்ல யாரயாவது தெனமும் ஒரு எட்டு வந்து சித்தப்பாவோட உள்ளங்காலத் தொட்டுப் பாக்கச் சொல்லிடுங்க. அவரு வாய் நல்லாத்தான் இருக்குது, ஆனாலும் சொல்லி வைக்கறேன்."

மறுமுனையில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு ரொம்ப நன்றி சொல்லுங்க என்று மூன்று தடவை சொன்னான்.

இதற்குள் குழந்தை அம்மாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தது.

கரண்ட் வந்தது.

வீராசாமி ஆம்ப்ளிஃபையரில் பென் டிரைவைச் செருகி வால்யூமை முழுசாகத் திருகி வைத்திருந்ததையும், கரண்ட் வந்தால் அது தானாகவே ஓடத் தொடங்கும் என்பதையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஐந்து பெட்டியும் ஒரே நேரத்தில் வெடித்தன. சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. வீராசாமி துள்ளி எழுந்தான். அபிநந்தன் காதைப் பொத்திக்கொண்டான். அனந்தி பதறிப்போய்க் குழந்தையின் தலையைக் கையால் மூடினாள். இடிந்தது, உடைந்தது, உருண்டது. மலையே கூடத்துக்குள் சரிந்த மாதிரி இருந்தது. வீராசாமி ஓடிப்போய் வால்யூமை இறக்குவதற்குள் அரை நிமிஷம் ஆகிவிட்டது.

அனந்தி கையை எடுத்துப் பார்த்தாள். குழந்தையின் இமைகூட அசையவில்லை. கன்னம் அம்மாவின் தோளில் நசுங்க, ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

ஹெட்போன், ரப்பர் மெத்தை, திரைச்சீலை, பத்து நாள் தச்சு வேலை எல்லாவற்றையும் அபிநந்தன் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. கடைசியில் அவன் அக்காவைப் பார்த்தான். அந்த மாலையில் முதல் தடவையாக. பிறகு வீராசாமியின் பக்கம் திரும்பினான்.

"தொண்டூருக்குக் காலையில மொத பஸ் எப்பங்க?"

வீராசாமிக்குத் தெரியவில்லை. ஏழு மணிக்கு ஒன்று இருக்கும் போல என்று இழுத்தான்.

"ஆறே காலுக்கு" என்றாள் தர்மவதி. என்றைக்கு அங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே பஸ் நிலையத்தில் விசாரித்து வைத்திருந்தாள்.

அபிநந்தன் தலையாட்டினான். அனந்தி குழந்தையைக் கொண்டுபோய் அறையில் படுக்கவைத்துவிட்டு வந்தாள். கதவை மூடவில்லை, விரியத் திறந்தே விட்டாள். வந்து தன் இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, போன வாரம் பாதியில் நிறுத்திய படத்தையே போடச் சொன்னாள். வீராசாமிக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள்.

தர்மவதி சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் புடவைகளை மடித்தாள். மொத்தம் ஏழு. தரை அதிர்ந்தது; துணிப்பெட்டியின் தாழ்ப்பாள் கிணுகிணுத்தது. பழக்கத்தில் அவள் காது, படத்தைத் தாண்டி, திறந்து கிடந்த அந்த அறையின் பக்கமே போயிற்று. ஒரு சிணுங்கல் வந்தால் போதும், யாராவது அண்ணி என்று கூப்பிடுவார்கள். மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க வீராசாமி" என்றான் அபிநந்தன்.